சபீன் பாஸ் ஆலையின் வரவு செலவு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வளாகத்துக்குக் குழாய்வழி எரிவாயு இணைப்பு வாங்கலாமா, இருக்கிற சிலிண்டரே போதுமா என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதமாகப் பேச்சு ஓடுகிறது. சமையலறைச் சுவரைத் துளைப்பார்களா, டெபாசிட் எவ்வளவு, பழைய அடுப்பு ஒத்து வருமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் நியாயமான கேள்விகள். அவற்றுக்குச் செயற்குழு பதில் வாங்கித் தரும். நான் பேச எடுத்துக்கொண்டது அவற்றுக்கு முந்தைய கேள்வி: அந்த வாயு எங்கிருந்து வருகிறது, அதன் விலை எப்படி முடிவாகிறது?

நம் நாட்டுக்குத் தேவைப்படும் இயற்கை வாயுவில் ஏறத்தாழப் பாதி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. எண்ணூரில் 2019-ல் தொடங்கிய இந்தியன் ஆயில் முனையம் அப்படி வரும் வாயுவை இறக்கத்தான். ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளக்கூடிய முனையம் அது. வீட்டுச் சமையலுக்கு உள்நாட்டு வாயுவை முன்னுரிமை கொடுத்து ஒதுக்குவது அரசின் கொள்கை என்றாலும், அது போதாதபோது இறக்குமதி வாயுவும் கலக்கிறது. ஆகவே, கடல் கடந்து வாயுவை ஏற்றி அனுப்புகிற ஓர் ஆலையின் கணக்கைப் புரிந்துகொண்டால், நாளை நம் வீட்டுக்கு வரப்போகும் பில்லும் ஓரளவு புரியும்.

நான் எஞ்சினியர் இல்லை. பேங்கில் லெட்ஜர் பார்த்தே காலம் போனவன். அதனால் ஆலையின் இயந்திரங்களைக் கொஞ்சமும் அதன் வரவு செலவைக் கூடுதலாகவும் சொல்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் உள்ள சபீன் பாஸ் ஆலை. டெக்சாஸ் எல்லையில், சபீன் ஆறு மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும் இடத்தில் சதுப்பு நிலத்தின் நடுவே நிற்கிறது. ஷெனியர் என்ற கம்பெனியுடையது. நம் அரசு நிறுவனமான கெயில் இங்கிருந்து ஆண்டுக்கு 35 லட்சம் டன் வாங்க 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அந்த ஒப்பந்தத்தின் முதல் கப்பல் 2018 மார்ச்சில் மகாராஷ்டிராவின் தாபோலுக்கு வந்து சேர்ந்தது. அதனால் இது நமக்குச் சம்பந்தமில்லாத ஊர்க்கதை அல்ல.

முதலில் ஆலை என்ன செய்கிறது என்று பார்ப்போம். இயற்கை வாயு என்பது பெரும்பாலும் மீத்தேன். அதை மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் வரை குளிர வைத்தால் தண்ணீர் மாதிரித் திரவமாகிவிடும். அப்போது அதன் கொள்ளளவு ஏறத்தாழ 600-ல் ஒரு பங்காகச் சுருங்கும். 600 அறைகளில் அடைத்து வைக்க வேண்டிய சரக்கை ஒரே அறையில் வைத்துவிடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய் போட முடியாத சமுத்திரத்தைத் தாண்ட வேறு வழி இல்லை. இதைத்தான் எல்.என்.ஜி. என்கிறார்கள். நம் சிலிண்டரில் இருப்பது எல்.பி.ஜி.; அது வேறு சரக்கு. புரொப்பேனும் பியூட்டேனும் சேர்ந்தது, அழுத்தத்தால் திரவமாக்கப்பட்டது. எல்.என்.ஜி.யைத் திரவமாக வைத்திருப்பது குளிர், அழுத்தம் அல்ல.

குளிர வைக்கும் முன் வாயுவைச் சுத்தம் செய்ய வேண்டும். அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் ஈரத்தையும் எடுக்காவிட்டால், அந்தக் குளிரில் அவை உறைந்து குழாயை அடைத்துவிடும். பாதரசம் துளி இருந்தாலும் எடுத்துவிடுவார்கள். குளிரூட்டும் கருவிகளில் உள்ள அலுமினியத்தை அது அரித்துவிடும். பிறகு புரொப்பேன், எத்திலீன், மீத்தேன் என்று மூன்று குளிரூட்டிகள் வரிசையாக நின்று, ஒன்று விட்ட இடத்திலிருந்து அடுத்தது வாயுவை இன்னும் கீழே இறக்கும். நம் வீட்டு ஃபிரிட்ஜ் செய்யும் வேலைதான். உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே விடுவது. இங்கே கம்ப்ரஸரைச் சுழற்றுவது விமான எஞ்சின் வகையைச் சேர்ந்த டர்பைன்கள். அவற்றுக்கும் அதே வாயுதான் எரிபொருள். அதாவது வந்த சரக்கில் ஒரு பகுதியை ஆலையே சாப்பிட்டுவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விலைக் கணக்கில் திரும்ப வரும்.

சுத்தம் செய்வது முதல் திரவமாக்குவது வரையிலான ஒரு முழு வரிசைக்கு 'டிரெயின்' என்று பெயர். சபீன் பாஸில் அப்படி ஆறு டிரெயின்கள். ஆறாவது 2022-ல் முடிந்தது. ஆறும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டன் தயாரிக்கும். ஒரு கப்பலில் ஏறத்தாழ 70,000 டன் போகும். எடைக்கு எடை பார்த்தால், நம் 14.2 கிலோ சிலிண்டர் சுமார் 49 லட்சம். ஒரே கப்பலில்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். இந்த ஆலையைக் கட்ட ஆரம்பித்தது ஏற்றுமதிக்கு அல்ல, இறக்குமதிக்கு! 2000-க்குப் பிறகு அமெரிக்காவில் வாயு தீர்ந்துபோகும், வெளிநாட்டிலிருந்துதான் வாங்க வேண்டியிருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஷெனியரின் தலைவர் ஷரீஃப் சூக்கி, பெய்ரூட்டில் வளர்ந்தவர், முன்பு உணவகங்கள் நடத்தியவர். அவரும் அப்படித்தான் நம்பினார். 2005-ல் வேலை தொடங்கி 2008 ஏப்ரலில் முனையத்தைத் திறந்தார்கள். ராட்சதத் தொட்டிகள், கப்பல் கட்டும் துறை, எல்லாம் தயார். ஆனால் அதே சமயத்தில் டெக்சாஸிலும் பென்சில்வேனியாவிலும் லூசியானாவிலும் பாறையைப் பிளந்து ஷேல் வாயு எடுக்கும் முறை பெரிய அளவில் வெற்றி பெற்றுவிட்டது. 2008 நடுவில் பத்து லட்சம் பி.டி.யு.வுக்கு 13 டாலர் வரை போன உள்நாட்டு விலை, 2012 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. இவ்வளவு மலிவாக உள்ளூரில் கிடைக்கும்போது வெளிநாட்டு வாயுவை யார் வாங்குவார்கள்? முனையம் வெறிச்சோடியது. கடனோ தலைக்கு மேல்.

கம்பெனி மூழ்காமல் தப்பியதற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. நம் வளாகத்தில் சில ஃபிளாட்டுகள் பூட்டியே கிடக்கின்றன; உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். ஆனாலும் மாதம் தவறாமல் பராமரிப்புக் கட்டணம் வந்துவிடுகிறது. லிஃப்டில் ஏறவில்லை, தண்ணீர் பிடிக்கவில்லை என்று யாரும் கழித்துக்கொண்டு கட்ட முடியாது. பேங்க் லாக்கர் வாடகையும் அப்படித்தான். திறந்தாலும் திறக்காவிட்டாலும் கட்டித்தான் ஆக வேண்டும். டோட்டால், ஷெவ்ரான் என்ற இரண்டு பெரிய எண்ணெய்க் கம்பெனிகள் அந்த முனையத்தில் இடம் பிடித்து வைத்திருந்தன. கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொன்றும் ஆண்டுக்குச் சுமார் 12.5 கோடி டாலர், 20 ஆண்டுக்குக் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம். வராத கப்பலுக்காக வந்துகொண்டிருந்த இந்தப் பணம் ஷெனியருக்கு மூச்சு விட அவகாசம் கொடுத்தது.

அந்த அவகாசத்தில் அவர்கள் யோசனையைத் திருப்பிப் போட்டார்கள். உள்ளே வர வேண்டிய வாயு வெளியே போகட்டும் என்று. தொட்டி இருக்கிறது, துறை இருக்கிறது, குழாய்த் தொடர்பு இருக்கிறது. புதிதாகச் சேர்க்க வேண்டியது திரவமாக்கும் டிரெயின்கள் மட்டுமே. 2011 மே மாதம் அமெரிக்க எரிசக்தித் துறை, இந்தியா போன்ற, வரியில்லா வர்த்தக உடன்பாடு இல்லாத நாடுகளுக்கும் விற்க அனுமதி கொடுத்தது. வாயுவை மூலப்பொருளாகப் பயன்படுத்தும் தொழிற்சாலைகள், ஏற்றுமதி செய்தால் உள்நாட்டில் விலை ஏறிவிடும் என்று எதிர்த்தன. அந்த விவாதம் இன்றுவரை ஓயவில்லை.

அனுமதி கிடைத்தால் போதுமா? பணம் வேண்டுமே. இந்த மாதிரித் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் பேங்க் நிலத்தையோ இயந்திரத்தையோ பார்த்து மட்டும் கொடுப்பதில்லை. சதுப்பில் நிற்கும் டிரெயினை ஜப்தி செய்து யாரிடம் விற்பது? பேங்க் பார்ப்பது, யார் வாங்குகிறார்கள், எத்தனை வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதை. 2011 அக்டோபரில் பிரிட்டனின் பி.ஜி., நவம்பரில் ஸ்பெயினின் காஸ் நேச்சுரல், டிசம்பரில் நம் கெயில், 2012 ஜனவரியில் தென் கொரியாவின் கோகாஸ். நான்கு மாதத்தில் நான்கு கையெழுத்து, ஒவ்வொன்றும் 35 லட்சம் டன். அதைக் காட்டித்தான் 2012 ஜூலையில் 360 கோடி டாலர் கடன் வசதி பெற்று, ஆகஸ்டில் பெக்டெல் கம்பெனியைக் கொண்டு கட்டுமானத்தைத் தொடங்கினார்கள்.

2016 பிப்ரவரி 24 அன்று 'ஏஷியா விஷன்' என்ற கப்பல் முதல் சரக்கோடு பிரேசிலுக்குப் புறப்பட்டது. அதைத் தலைவராக இருந்து பார்க்கும் வாய்ப்பு சூக்கிக்குக் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் முன்புதான் இயக்குநர் குழு அவரைப் பதவியிலிருந்து நீக்கியிருந்தது.

இப்போது விலைக் கணக்கு. கெயில் போன்றவர்கள் கொடுக்கும் விலையில் இரண்டு பகுதி. ஒன்று, அமெரிக்கச் சந்தையில் 'ஹென்றி ஹப்' என்று சொல்லப்படும் வாயு விலையில் 115 சதவீதம். அந்த மேல் 15 சதவீதம், ஆலை தானே எரித்துக்கொள்ளும் வாயுவுக்கும் அதைக் கொள்முதல் செய்து கொண்டுவரும் செலவுக்கும். இரண்டாவது, திரவமாக்கித் தருவதற்கான நிலைக் கட்டணம். கெயிலுக்கு அது பத்து லட்சம் பி.டி.யு.வுக்கு 3 டாலர் என்று ஒப்பந்தமானது.

ஹென்றி ஹப் விலை 3 டாலர் என்றால், 3.45-உம் நிலைக் கட்டணம் 3-உம் சேர்ந்து 6.45 டாலர். அதே ஹென்றி ஹப் 6 டாலர் ஆனால், 6.90-உம் 3-உம் சேர்ந்து 9.90 டாலர். மூலப்பொருள் விலை இரு மடங்கானாலும் மொத்தம் ஒன்றரை மடங்குதான் ஏறுகிறது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கீழே போகும்போதும் இதே கதைதான். வாயு சும்மா கிடைத்தால்கூட 3 டாலர் கட்டியாக வேண்டும். இதற்கு மேல் கப்பல் கூலி, இங்கே இறக்கி ஆவியாக்கும் கட்டணம், குழாய்க் கட்டணம், வரி எல்லாம் தனி.

வாங்குபவருக்கு ஒரு சலுகை உண்டு. முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு கப்பல் சரக்கை வேண்டாம் என்று விடலாம். வாயு விலை கட்ட வேண்டாம். நிலைக் கட்டணம் மட்டும் கட்ட வேண்டும். கெயிலின் முழு அளவுக்கு அந்த நிலைக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 54.8 கோடி டாலர். காமர்ஸ் படித்தவர்களுக்கு இது தெரிந்த பாடம்: எப்படியும் கட்ட வேண்டிய செலவை ஓரமாக வைத்துவிட்டு, இனி ஆகப்போகும் செலவையும் வரப்போகும் வரவையும் மட்டும் ஒப்பிட்டு முடிவெடு என்பது. 2020 கொரோனா காலத்தில் உலகம் முழுக்க வாயு விலை சரிந்தபோது, வாங்குபவர்கள் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள். அமெரிக்க ஆலைகளிலிருந்து அந்தக் கோடையில் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல் சரக்குகள் ரத்தாயின. ஆலைகளுக்கு நிலைக் கட்டணம் வந்துகொண்டே இருந்தது.

இரண்டே வருஷத்தில் எல்லாம் தலைகீழ். 2022-ல் உக்ரைன் போரால் ரஷ்ய வாயு குறைந்து ஐரோப்பா தவித்தது. அன்றாடச் சந்தையில் விலை வரலாறு காணாத உச்சத்துக்குப் போனது. அப்போது ஹென்றி ஹப் கணக்கில் ஒப்பந்தம் வைத்திருந்தவர்கள் புத்திசாலிகளாகத் தெரிந்தார்கள். ஆனால் அதே ஆண்டு கெயிலுக்கு வேறொரு பாடமும் கிடைத்தது. ரஷ்ய நிறுவனம் ஒன்றின் சிங்கப்பூர் கிளையோடு போட்ட நீண்டகால ஒப்பந்தத்தில் கப்பல்கள் வராமல் நின்றன. இங்கே வாடிக்கையாளர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஒப்பந்தம் கையில் இருந்தும் சரக்கு வரவில்லை. ஒரே இடத்தை நம்பியிருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

பாதுகாப்பு பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. எல்.என்.ஜி. தொட்டியின் உட்சுவர் ஒன்பது சதவீத நிக்கல் கலந்த எஃகு; அந்தக் குளிரைத் தாங்கும். சபீன் பாஸ் தொட்டிகளின் வெளிச்சுவர் சாதாரண எஃகு, தாங்காது. 2018 ஜனவரியில் ஒரு தொட்டியில் திரவம் உட்சுவரைத் தாண்டி வெளிச்சுவரைத் தொட்டுவிட, எஃகு கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மை பெற்று விரிசல் விட்டது. யாருக்கும் காயமில்லை. ஆனால் கண்காணிப்புத் துறை ஐந்து தொட்டிகளில் இரண்டை உபயோகத்திலிருந்து நிறுத்த உத்தரவிட்டது.

பக்கத்து மாநிலமான டெக்சாஸில் ஃப்ரீபோர்ட் ஆலை. 2022 ஜூன் 8 அன்று, ஒரு குழாய்ப் பகுதியில் திரவம் மாட்டிக்கொண்டது. அழுத்தம் கூடினால் வெளியே விட வேண்டிய பாதுகாப்பு வால்வுக்குப் போகும் வழி அடைத்தே இருந்தது. திரவம் சூடாகி, குழாய் வெடித்து, தீப்பிழம்பு எழுந்தது. ஆலை எட்டு மாதம் மூடிக் கிடந்தது. ஏற்றுமதி நின்றதால் அமெரிக்காவில் வாயு விலை இறங்கியது, ஐரோப்பாவில் ஏறியது. திறந்திருக்க வேண்டிய ஒரு வழி மூடியிருந்ததற்கு இரண்டு கண்டங்களின் சந்தை ஆடியது.

அந்தக் கடற்கரையில் வாழ்பவர்களையும் நினைக்க வேண்டும். அங்கே புயல் அடிக்கடி வரும். 2020 ஆகஸ்டில் லாரா புயல் அந்தப் பகுதியைத் தாக்கியபோது சபீன் பாஸை நிறுத்திவிட்டு ஆட்களை வெளியேற்றினார்கள். அருகில் புதிது புதிதாக ஆலைகள் வருவதால் தொழில் பாதிக்கிறது என்று இறால் பிடிப்பவர்கள் முறையிடுகிறார்கள். வேலை வந்தது, வரி வந்தது என்று வரவேற்பவர்களும் உண்டு. இன்னொன்று: நிலக்கரியோடு ஒப்பிட்டால் வாயு எரியும்போது கார்பன் குறைவு என்பது சரி. ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கிணற்றிலிருந்து அடுப்பு வரை கசிவு எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் 'சுத்தமான எரிபொருள்' என்ற பெயர் நிற்கும்.

சரி, இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? இணைப்பு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப்போவதில்லை. கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, நிலைக் கட்டணம். ஆறு மாதம் பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருந்துவிட்டு வருபவர்கள் நம்மில் பலர். அடுப்பே பற்ற வைக்காத மாதத்துக்கும் குறைந்தபட்சக் கட்டணம் உண்டா, எவ்வளவு, இணைப்பை நிறுத்தி வைக்க வழி உண்டா, டெபாசிட் திரும்புமா?

இரண்டாவது, விலை மாற்றம். எதை வைத்து விலை மாறும், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறும், முன்னறிவிப்பு உண்டா? பென்ஷனை நம்பிக் குடும்பம் நடத்துபவர்களுக்கு விலை ஏறுவதைவிட, எப்போது ஏறும் என்று தெரியாமல் இருப்பதுதான் பெரிய கஷ்டம்.

மூன்றாவது, வால்வு. வளாகத்துக்குள் வரும் குழாயை, மாடிக்கு மாடி உள்ள வால்வுகளை யார் சோதிப்பார்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, அந்தப் பதிவேடு எங்கே இருக்கும்? மீட்டருக்கு இந்தப் பக்கம் கசிந்தால் பொறுப்பு யாருடையது? இயற்கை வாயுவுக்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றே மணப்பொருள் சேர்க்கிறார்கள். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், தரையில் தங்கும். இது காற்றைவிட லேசு, மேலே போகும். ஆகவே சமையலறையில் மேல் பக்கம் காற்றோட்டம் வேண்டும். ஏ.சி. குளிர் போகாமல் இருக்க மேல் வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்தவர்கள், இணைப்பு வாங்குவதானால் முதலில் அந்த அட்டையை எடுத்துவிட வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவுக்குள் இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்துவிட்டால், வாக்கெடுப்பு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வராவிட்டால், வரும் வரை காத்திருப்பதில் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. சிலிண்டர் வந்துகொண்டுதான் இருக்கிறது.